முந்நூற்றுப் பதிமூன்றாவது ஃபாரம்

மூன்றாம் பக்கத்தில், முப்பதாவது கேள்விக்குக் கீழே, நாலு விரல் அகலத்துக்கு வெள்ளையாக இடம் கிடந்தது. பதினாலு வருஷமாக அப்படியேதான் கிடந்தது. அந்தத் திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, கடையில் ஒருத்தரும் இல்லாத நேரம் பார்த்து, ஜெராக்ஸ் கடைக்காரன் ஸ்பைரல், தன் கம்ப்யூட்டரில் அந்த இடத்துக்குப் போய் முப்பத்தொன்று என்று அடித்துப் புள்ளி வைத்தான். அப்புறம் ஒரே மூச்சில் மிச்சத்தையும் அடித்து முடித்தான்.

"இந்தத் தாளை உங்கள் கையில் கொடுத்தவர் இந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டாரா? அவரையே கேட்டு எழுதவும்."

பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். எழுத்தின் அளவு, வரிக்கு வரி இடைவெளி எல்லாம் மேலே இருந்த முப்பது கேள்விக்கும் அச்சு அசலாகப் பொருந்தியது. தொழில்காரன் இல்லையா! முந்நூற்று இருபது பிரதிக்கு மெஷினைத் தட்டிவிட்டு, தாள் ஒவ்வொன்றாக வந்து விழுவதை இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தான். "இப்ப வா, உன்னை வச்சுக்கறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். மெஷினிடம் சொல்லவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம், கல்லூரியின் இரண்டாவது மாடியில் உட்கார்ந்திருக்கிற பேராசிரியை முந்நூறு மேடத்திடம் சொன்னான்.

இந்தக் கறுவல் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவனைக் கிறுக்கன் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஸ்பைரல் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. எந்தப் பெற்றவர்கள் அப்படி வைப்பார்கள்? சுகாதார அறிவியல் கல்லூரி ஒன்றின் மதிலை ஒட்டி, பஸ் நிறுத்தத்துக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில், பத்தடிக்கு எட்டடி கடை அவனுடையது. இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பைண்டிங் பிரஸ், ஓட்டை போட்டுச் சுருள் கம்பி மாட்டுகிற கருவி ஒன்று. நர்சிங், லேப், பிசியோதெரபி என்று எந்தப் பிள்ளை வந்தாலும் "அண்ணே, ஒரு ஸ்பைரல்" என்றுதான் வாயைத் திறக்கும். அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அவனும் அதுவாகிவிட்டான்.

பதினாறு வயதில் அப்பா போனதும் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குச் சேர்ந்தவன். அம்மா அதற்கு முன்பே போயிருந்தாள். வீட்டில் மிஞ்சியது எட்டு வயதுத் தங்கச்சி ஒருத்தி. சேட்டை தாங்காமல் அவளுக்கு வாலு என்று பேர் வைத்தது அவன்தான். ஜடை பின்னத் தெரியாமல் பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் எல்லாம் தன் கையெழுத்தைப் போட்டு வளர்த்தான். வாலுவுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்தபோது, அச்சகத்தை விட்டுவிட்டு இந்தக் கடையைப் போட்டான். கடை வைப்பதற்கு எத்தனையோ இடம் இருந்தது. காலையில் அவள் கேட்டுக்குள்ளே போவதும் சாயங்காலம் வெளியே வருவதும் கண்ணில் படும் என்பதற்காகவே இங்கே வைத்தான்.

அவள் கடைசி வருஷ ஆய்வுதான் அவன் பைண்டிங் செய்த முதல் ஆய்வு. நீல அட்டை, தங்க எழுத்து. கருப்பைவாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கிற எச்.பி.வி. ஊசியைப் பற்றி, மருத்துவம் சார்ந்த படிப்புப் படிக்கிற பெண்களுக்கு எவ்வளவு தெரியும், எத்தனை பேர் போட்டுக்கொண்டார்கள் என்பது தலைப்பு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் ஃபாரம் வாங்கினாள். அவள் ஆய்வுக்கு வழிகாட்டி, அதாவது கைடு, முந்நூறு மேடம்தான்.

"முந்நூறு பேர் இல்லேன்னா அது ஆய்வே இல்ல, வெட்டிப் பேச்சு" என்பது அந்த அம்மாவின் வேதவாக்கு. பேர் அதனால் வந்தது. அந்த ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டவர் விடவே இல்லை. வருஷத்துக்கு ஒரு மாணவி, அதே முப்பது கேள்வி, அதே மூன்று பக்கம். ஸ்பைரலின் கம்ப்யூட்டரில் ஊசி என்று ஒரு ஃபோல்டரே உண்டு. வருஷத்தையும் மாணவி பேரையும் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே.

முடிவும் அப்படியே. ஊசியைப் பற்றித் தெரிந்தவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. தெரியாமல் என்ன? பரீட்சையில் பத்து மார்க் கேள்வியாயிற்றே! எத்தனை வயதில் போடணும், எத்தனை தடவை போடணும், எந்த வைரஸ் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். போட்டுக்கொண்டவர்கள் நூற்றுக்கு ஏழு. கடைசி அத்தியாயத்தில் பரிந்துரை: "மாணவிகளிடையே விழிப்புணர்வு மேலும் தேவை."

"அடப் பாவிகளா, தொண்ணூத்தி நாலு பேருக்குத் தெரியும்னு நீங்களே எழுதிட்டு, இன்னும் என்னடா விழிப்புணர்வு?" என்று பசை தடவிக்கொண்டே அவன் சிரித்திருக்கிறான். அப்போதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தச் சிரிப்பு போயிற்று. வாலுவுக்கு முப்பத்திரண்டு வயது. நல்ல வேலை, நல்ல புருஷன். இடையில் கொஞ்சம் இரத்தப்போக்கு என்றாள், அசதி என்றாள். பரிசோதனை செய்து பார்த்தால் கருப்பைவாய்ப் புற்றுநோய், அதுவும் கை மீறிய நிலையில். எந்த நோயைப் பற்றி முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைக் கேள்வி கேட்டாளோ, அதே நோய்.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், சொட்டுச் சொட்டாக மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, அவள் திடீரென்று சிரித்தாள்.

"அண்ணா, ஒரு கூத்து தெரியுமா? முந்நூத்திப் பன்னெண்டு பேரை எழுதினேன். என்னை எழுதல."

"என்னம்மா சொல்ற?"

அப்போதுதான் சொன்னாள். அந்த வருஷம் கல்லூரியில் மூன்று நாள் ஊசி முகாம் நடந்தது. செலவுக்கு அவன் பணம் கொடுத்து, போட்டிருப்பாள் என்றே நினைத்திருந்தான். முதல் இரண்டு நாளும் அவளுக்கு வார்டு வேலை. மூன்றாவது நாள் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நாலே பேர். அந்தப் பக்கமாக வந்த முந்நூறு மேடம் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். "ஆய்வு பண்றவளே ஊசி போட்டுக்கிட்டா, ஃபாரம் நிரப்புறவங்க உன்னைப் பாத்து அதுக்கேத்த மாதிரி எழுதுவாங்க. முடிவு ஒரு பக்கமா சாய்ஞ்சிடும். அதுவும் இல்லாம இன்னும் பன்னெண்டு ஃபாரம் குறையுது. முதல்ல ஆய்வு முடியட்டும், அப்புறம் போட்டுக்கலாம்."

ஆய்வு முடிந்தது. முகாமும் முடிந்துவிட்டது. அப்புறம் பரீட்சை, அப்புறம் வேலை, அப்புறம் கல்யாணம். அந்த அப்புறம் வரவே இல்லை.

ஸ்பைரல் டாக்டரிடம் போய்க் கேட்டான். ஊசி போட்டிருந்தால் இது வந்திருக்காதா? டாக்டர் நேர்மையான மனுஷன். "வந்திருக்கவே வந்திருக்காதுன்னு என்னால சொல்ல முடியாதுங்க. ஆனா வாய்ப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கும்" என்றார். ரொம்ப என்ற அந்த ஒரு வார்த்தை போதாதா? ஐந்தாவது மாதம் வாலு போய்ச் சேர்ந்தாள். அழுது ஓய்ந்த அன்றைக்கே அவன் முடிவு செய்தான். அந்த அம்மாவைச் சும்மா விடுவதில்லை.

சும்மா விடுவதில்லை என்று சொல்வது சுலபம். ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன் ஒரு பேராசிரியையை என்ன செய்துவிட முடியும்? நேரில் போய்க் கத்தினால் காவலாளி வெளியே தள்ளுவான். எழுதிப் போட்டால் குப்பைக்கூடைக்குப் போகும். அடுத்த வருஷம் ஊசி ஆய்வு பைண்டிங்குக்கு வந்தபோது, நாலாவது அத்தியாயம் முழுவதையும் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டான். மேடத்தின் மானம் கப்பலேறும் என்று நாள் கணக்காகக் காத்திருந்தான். ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்கவில்லை! அந்த ஆய்வுக்குச் சிறந்த ஆய்வு என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழையும் இவனிடமே கொண்டுவந்து லேமினேஷன் போட்டார்கள்.

அன்றைக்கு அவன் நெஞ்சு கொதித்தது கொஞ்சநஞ்சம் இல்லை. எவளும் புரட்டிப் பார்க்காத ஒரு புத்தகத்துக்காகவா என் தங்கச்சியை வரிசையிலிருந்து இழுத்தாய்? ஆனால் அந்தக் கொதிப்பில் ஒரு விஷயம் பளிச்சென்று விளங்கியது. ஆய்வை யாரும் படிக்க மாட்டார்கள். ஃபாரத்தை முந்நூறு பேர் படித்தே ஆக வேண்டும். அடிக்கிற இடம் அதுதான்.

இந்த வருஷம் ஊசித் தலைப்பு யாருக்குப் போயிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த நாட்களில் அவன் பொண்டாட்டி இரண்டு மூன்று தடவை பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, நம்ம பாப்பாவுக்குப் பதினாலு முடியப்போகுது. அந்த ஊசியப் போட்டுடலாம்ல? பதினஞ்சுக்குள்ளன்னா ரெண்டே தடவையாம்."

"போடலாம், போடலாம்."

"மதிலைச் சுத்தினா ஊசி ரூம். பத்து நிமிஷ வேலை."

"கையில ஒரு வேலை இருக்கு. முதல்ல அது முடியட்டும். அதுவரைக்கும் அந்த காலேஜ் வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்று எரிந்து விழுந்தான். அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, துவைத்த துணியை மடிக்கப் போய்விட்டாள்.

தலைப்பு போயிருந்தது ஒரு பட்டாசிடம். வாயைத் திறந்தால் மூடாத பெண் என்பதால் அவன் அப்படித்தான் கூப்பிடுவான். திங்கட்கிழமை காலை ஓடி வந்து, முந்நூற்று இருபது பிரதி வேண்டும் என்று பென்டிரைவைக் கொடுத்துவிட்டு வார்டுக்குப் பறந்தாள். அடுத்து நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன். பட்டாசும் சாயங்காலம் வந்து கட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். பிரித்துப் பார்க்கக்கூட இல்லை. பதினாலு வருஷம் மாறாத ஃபாரத்தை எவள் பிரித்துப் பார்ப்பாள்?

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவள் திரும்பி வந்தபோது, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கடையில் அவனைத் தவிர அவன் மகள் மட்டும் இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்து, சீருடையோடு முக்காலியில் உட்கார்ந்து ஸ்டேப்ளர் அடித்துக்கொடுப்பது அவள் வழக்கம்.

"அண்ணே! என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்?"

"என்னம்மா ஆச்சு?" என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டான்.

"நடிக்காதீங்க! மொத நாள் அறுபது பேர். அறுபது பேரும் எழுதி முடிச்சிட்டுத் தலைய நிமித்தி, 'அக்கா, நீங்க போட்டுக்கிட்டீங்களா'ன்னு கேக்கறாங்க. அறுபது தடவை இல்ல, இல்ல, இல்லன்னு சொன்னேன். ரெண்டாவது நாள் இன்னொரு அறுபது. ஏன் போடலன்னு ஒருத்தி கேட்டா. நேரம் இல்லன்னேன். அவ அதையும் ஓரத்துல எழுதிட்டா அண்ணே! மூணாவது நாள் காலையில கண்ணாடி பாக்கவே வெக்கமா இருந்துச்சு. நேரா ஊசி ரூமுக்குப் போய்ச் சட்டைக்கையை மடிச்சு விட்டேன். அதுக்கப்புறம்தான் நிம்மதியா ஆமான்னு சொல்ல முடிஞ்சுது."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? இன்னைக்கு மொத வருஷப் பிள்ளைங்க கிளாஸ். எனக்கு வார்டு. மேடமே ஃபாரத்தை எடுத்துட்டுப் போய்க் குடுத்தாங்க."

இதற்காகத்தானே ஸ்பைரல் காத்துக்கிடந்தான்! மேடம் ஏதாவது ஒரு வகுப்பில் தானே ஃபாரம் கொடுப்பார் என்பது அவனுக்குத் தெரியும். வருஷா வருஷம் நடக்கிறதுதான்.

"அப்புறம்?" என்றான்.

"அப்புறம் என்ன, எழுபது பிள்ளைங்க. முப்பத்தொண்ணாவது கேள்விக்கு வந்ததும் ஒருத்தி எந்திரிச்சு, 'மேடம், நீங்க போட்டுக்கிட்டீங்களா'ன்னு கேட்டிருக்கா. மேடம் மொகத்துல ஈயாடல. என்ன கேள்வின்னு ஃபாரத்தை வாங்கிப் பாத்திருக்காங்க. 'இது தேவையில்லாத கேள்வி, விட்டுடுங்க'ன்னு சொல்லியிருக்காங்க. அந்தப் பிள்ளைங்க புதுசு அண்ணே, எதைச் சொன்னாலும் அப்படியே எழுதும். எழுபது ஃபாரத்துலயும், 'தேவையில்லாத கேள்வி என்று சொன்னார்'னு எழுதியிருக்கு!"

அவன் மகள் ஸ்டேப்ளரை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஸ்பைரல் சிரிக்கவில்லை. அந்த எழுபது தாளையும் மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பார்த்தான். நாக்குத் தித்தித்தது.

பட்டாசின் குரல் உடைந்தது. "ஆனா என் ஆய்வு போச்சு அண்ணே. ஆய்வுக் கமிட்டி ஒத்துக்கிட்டு சீல் வச்சது முப்பது கேள்விக்கு. நான்தான் சேத்தேன்னு மேடம் நெனைக்கறாங்க. ரத்து பண்ணிடுவேன்னு சொல்லிட்டாங்க. ஒரு வருஷம் போயிடும். எங்கப்பா என்னைக் கொன்னே போட்டுடுவாரு."

இது அவன் கணக்கில் இல்லை. அந்த அம்மாவை அடிக்கக் கையை ஓங்கியவன், நடுவில் ஒரு பெண் நிற்பதைப் பார்க்கவே இல்லை. என்ன சொல்வதென்று வாயைத் திறப்பதற்குள், கடைவாசலில் நிழல் தட்டியது. முந்நூறு மேடமே வந்து நின்றார். கையில் ஒரு ஃபாரம்.

"இது யார் வேலை?"

"என் வேலைதான்" என்றான் ஸ்பைரல். "இந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. நான் சேத்து அடிச்சேன்."

"நீங்களா? உங்களுக்கும் எனக்கும் என்ன? இந்தச் சுவரு காலேஜ் சுவரு, தெரியுமா? நாளைக்கே கடையைக் காலி பண்ண வைக்க என்னால முடியும்."

"வைங்க. அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க."

மேல் தட்டில் இருந்த நீல அட்டைப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் போட்டான். தங்க எழுத்து பாதி உதிர்ந்திருந்தது. மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பிரித்தார். பேரைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"இது எந்த பேட்ச்?" என்று கேட்டார்.

வந்ததே கோபம் அவனுக்கு! மேஜையை ஓங்கித் தட்டினான். ஸ்டேப்ளர் துள்ளிக் கீழே விழுந்தது. "எந்த பேட்ச்சா? எந்த பேட்ச்சுன்னா கேக்கறீங்க? ஊசி போட வரிசையில நின்னவளைக் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனீங்களே, மூணாவது நாள் முகாம்ல, அவ! முதல்ல ஆய்வு முடியட்டும்னு சொன்னீங்களே, அவ!"

மேடம் நெற்றியைச் சுருக்கினார். எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. "பன்னெண்டு ஃபாரம் குறைஞ்சுது" என்றார் மெதுவாக. "ஆமாம். அந்த வருஷம்தான் பன்னெண்டு குறைஞ்சுது."

வாலு ஞாபகத்துக்கு வரவில்லை. பன்னிரண்டு ஃபாரம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஒரு நொடியில் ஸ்பைரல் அந்த அம்மாவைக் கழுத்தை நெரித்திருந்தாலும் நெரித்திருப்பான். மகள் பக்கத்தில் இருந்ததால் கையை மடக்கிக்கொண்டான்.

"இப்ப எங்க வேலை பாக்கறாங்க?" என்று மேடம் கேட்டார்.

"எங்கயும் பாக்கல. மூணு வருஷம் ஆச்சு, போயிட்டா. எதால போனான்னு நான் சொல்லணுமா? தலைப்பைப் படிங்க."

மேடம் தலைப்பைப் படித்தார். அட்டையில் இருந்த விரல் அப்படியே இருந்தது. பட்டாசு வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வாய் மூடி அவன் அன்றுதான் பார்த்தான்.

"நான் வேணும்னு பண்ணல" என்றார் மேடம். "முடிவு சாஞ்சிடக்கூடாதுன்னு..."

"அதெல்லாம் எனக்கு வேணாம்." மெஷின் பக்கத்தில் மீந்து கிடந்த ஒரு ஃபாரத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினான். பேனாவையும் வைத்தான். "அவ முந்நூத்திப் பன்னெண்டு பேரை எழுதினா, தன்னை எழுதல. அந்த ஒண்ணை நீங்க எழுதுங்க. உங்க கையால. எழுதினீங்கன்னா, கேள்வியச் சேத்தது நான்தான், இந்தப் பொண்ணு இல்லன்னு நானும் உங்களுக்கு எழுதித் தரேன். கடையைக் காலி பண்ணச் சொன்னாலும் பண்றேன்."

மறுப்பார் என்றுதான் நினைத்தான். மேடம் இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேலே எண் என்று இருந்த இடத்தில் முந்நூற்றுப் பதிமூன்று என்று எழுதினார். வயது இருபத்தொன்று. ஊசியைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா? ஆம். எந்த நோயைத் தடுக்கும்? சரியான விடையில் குறி. எத்தனை தடவை? சரி. எல்லாமே சரி. இருபத்தெட்டாவது கேள்வி: போட்டுக்கொண்டீர்களா? இல்லை. இருபத்தொன்பதாவது: இல்லையென்றால் காரணம் என்ன?

"பயமா?" என்று தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அவளா? அவளைப் பாத்துதான் மத்தவங்க பயப்படணும்."

"செலவா?"

"செலவுக்கு நான் மொத நாளே குடுத்துட்டேன்."

"வீட்ல விடலையா?"

"வீட்ல பெரியவன் நான்தான். நான் விட்டேன்."

மிச்சம் இருந்தது மற்றவை என்கிற கட்டம். பக்கத்தில் ஒரு கோடு. பேனா அதில் போய் நின்றுவிட்டது.

"எழுதுங்க" என்றான். "கைடு விடல."

அப்புறம் மேடம் எழுதினார். கரும்பலகையில் எழுதிப் பழகிய, குண்டு குண்டான, யாரும் தவறாகப் படிக்க முடியாத கையெழுத்து: கைடு விடவில்லை. ஸ்பைரலின் நெஞ்சில் மூன்று வருஷமாக அடைத்திருந்தது சட்டென்று இளகியது. இந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவேன், இந்தச் சுவரிலேயே மாட்டுவேன், ஒவ்வொரு பேட்ச் பிள்ளையும் இதைப் படித்துவிட்டு உன் முகத்தைப் பார்க்க வைப்பேன் என்று மனசுக்குள் கும்மாளம் போட்டான்.

மேடம் பேனாவை மூடவில்லை. அடுத்ததை நிரப்பிவிட்டு, இன்னும் கீழே வந்தார்.

"முப்பத்தொண்ணு" என்று வாசித்தார். "இந்தத் தாளை உங்கள் கையில் கொடுத்தவர் இந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டாரா. அவரையே கேட்டு எழுதவும்." நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் நிதானமாக இருந்தது. "இதை என் கையில குடுத்தது நீங்க. உங்களுக்கும் எனக்கும் வயசு தாண்டிடுச்சு. உங்க வீட்ல போட வேண்டிய வயசுல யாராவது இருக்காங்களா?"

ஸ்பைரல் மகள் பக்கம் திரும்பினான்.

"நான் இருக்கேன் மேடம்" என்றாள் அவன் மகள், கீழே விழுந்த ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டே. "எனக்கு இன்னும் போடல. அம்மா கேட்டுட்டே இருக்காங்க. அப்பாவுக்கு ஏதோ வேலை இருக்காம். முதல்ல அது முடியட்டும்னு சொல்லிட்டே இருக்காரு."

முதல்ல அது முடியட்டும். தன் குரலிலேயே அந்த வார்த்தை அவன் காதில் விழுந்தது. எந்த வார்த்தைக்காக மூன்று வருஷமாகத் தூக்கம் கெட்டானோ, எந்த வார்த்தைக்காக ஒரு மனுஷியின் கழுத்தை நெரிக்கப் பார்த்தானோ, அதே வார்த்தை. வாலுவைக் கூட்டிக்கொண்டு போன கை இந்த அம்மாவுடையது. பாப்பாவைப் போகவிடாமல் வைத்திருந்தது அவன் கை.

மேடம் ஏளனம் செய்யவில்லை. செய்திருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை என்கிற கட்டத்தில் குறி போட்டு, தாளை அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்தார்.

"ஊசி ரூம் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மணி நாலரை. அவன் ஷட்டரை இழுத்து விட்டான். பட்டாசை வெளியே நிற்க வைத்துவிட்டோம் என்பதுகூட அப்புறம்தான் உறைத்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மதிலைச் சுற்றி ஓட்டமும் நடையுமாகப் போனான். "அப்பா, வலிக்குதுப்பா, கைய விடுங்க" என்று அவள் கத்தினாள். மூன்று வருஷமாக மிதிக்க மாட்டேன் என்று சொன்ன வாசப்படியை எப்போது தாண்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை. முன்னால் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் முடிகிற வரைக்கும், யாராவது வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்பது போல, மகளின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றான். ஊசி இறங்கியபோது அவள் முகத்தைச் சுளித்தாள், அழுதது அவன்தான்.

அன்றைக்கே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பட்டாசிடம் கொடுத்தான். அவள் ஆய்வு ரத்தாகவில்லை. முப்பத்தொன்றாவது கேள்வியைப் பின்னிணைப்பில் தனியாகப் போடச் சொல்லி, கண்டித்து ஒரு கடிதம் கொடுத்து விட்டுவிட்டார்கள். கல்லூரி ஆபீஸ் வேலை எதுவும் இப்போது இவன் கடைக்கு வருவதில்லை. கடையைக் காலி செய்யச் சொல்லி மட்டும் யாரும் வரவில்லை.

மேடத்தை அவன் மன்னித்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். அந்தப் பேச்சே கிடையாது. எதிரில் வந்தால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். முந்நூற்றுப் பதிமூன்றாவது ஃபாரத்துக்குச் சொன்னபடியே கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டான், ஜெராக்ஸ் எடுக்க நிற்பவர்களின் கண்ணுக்கு நேராக. கீழே இருக்கிற அந்த இல்லையை மறைத்து மாட்டும்படி பொண்டாட்டி சொல்லிப் பார்த்தாள். பாப்பாவுக்குத்தான் போட்டாயிற்றே, ஆம் என்று திருத்திக்கொள்ளலாமே என்றாள். கேட்டபோது என்ன பதிலோ அதுதான் பதில் என்று சொல்லிவிட்டான்.

காத்து நிற்கிற நேரத்தில் பிள்ளைகள் அதை மேலிருந்து கீழே வரைக்கும் படிக்கும். கைடு விடவில்லை என்கிற இடத்தில் ஒரு நிமிஷம் நிற்கும். அப்புறம் கடைசி வரிக்கு வந்து, "அண்ணே, தாளைக் கொடுத்தவர் போட்டுக்கலையாமே, யாரு அது?" என்று கேட்கும்.

"நான்தான்" என்பான் ஸ்பைரல். "நீ போட்டாச்சா?"